650 சொற்களுக்குள் ‘நான்’

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இங்கே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு இணைந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

‘இன்றைய இளைஞர்கள்: கல்வி, கனவு, வெளிப்பாடு’ என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள். ‘இன்றைய இளைஞர்கள்’ என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் ஐந்தாவது நிமிடத்தில் கைப்பேசியைத் திட்ட ஆரம்பித்துவிடும். அதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை. எங்கள் வீடுகளில் ‘காலேஜ் எஸ்ஸே’ என்போம். பல ஆண்டுகளாக வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். கல்வி, கனவு, வெளிப்பாடு மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற இடம் அந்தக் கட்டுரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே பொதுத்தேர்வு எண்ணை வைத்துத் தரவரிசை போட்டு இடம் ஒதுக்குகிற வழக்கம் கிடையாது. ‘காமன் ஆப்’ என்று ஒரு பொது விண்ணப்பம் உண்டு. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. மதிப்பெண்கள், பாடத்துக்கு வெளியே செய்தவை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அதில் போகும். கூடவே இந்தக் கட்டுரையும் போகும். குறைந்தது 250 சொற்கள், அதிகபட்சம் 650. கொடுக்கப்படும் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். உன் பின்னணியில், அடையாளத்தில் எதைச் சொல்லாவிட்டால் உன் விண்ணப்பம் முழுமையாகாது? நீ சந்தித்த தடையோ தோல்வியோ எது, அதில் என்ன கற்றாய்? இந்த மாதிரிக் கேள்விகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வேறு படிவம். எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் இதெல்லாம் போதாதென்று சொந்தமாகவும் சில கேள்விகள் வைத்திருக்கும். பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை, கோடை விடுமுறையிலிருந்து புத்தாண்டு வரைக்கும் ‘நான்’, ‘எனக்கு’, ‘என்னை’ என்று எழுதிக்கொண்டே இருக்கும்.

மற்ற நாடுகளில் இருப்பவர்கள் முழுக்கத் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் யுகாஸ் விண்ணப்பத்தோடு 4,000 எழுத்துகளில் ஓர் அறிக்கை உண்டு. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். கனடாவில் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் பேசும் என்றாலும், வாட்டர்லூ பொறியியலுக்குப் போகிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், தன்னைப் பற்றி எழுதித்தான் இருக்கும்.

இப்போது பெற்றோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து பொறியியல் படித்துவிட்டு வந்தவர்கள். எங்கள் காலத்தில் பிளஸ் டூ 1,200 மதிப்பெண். அதற்கு மேல் நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வை 2007இல்தான் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு கட்-ஆஃப். அரை மதிப்பெண்ணில் அண்ணா பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவர்கள் இன்றைக்கும் அந்த எண்ணைத் தசமப் புள்ளியோடு சொல்வார்கள். கொடுமையான முறைதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த எண் எங்களிடம் நீ யார் என்று கேட்கவில்லை. உன் மனசில் என்ன இருக்கிறது, உன்னை எது அழவைத்தது என்று அதற்கு அக்கறை இல்லை. கணக்கில் 197 வாங்கிய பையன் வீட்டில் யாரோடும் பேசாதவனாக இருக்கலாம், ரகசியமாகக் கவிதை எழுதுகிறவனாக இருக்கலாம். அது அவன் சொந்த விஷயம்.

இப்படி வந்தவர்களுக்கு இங்கே முதலில் பிடித்துப்போனது ஸ்பெல்லிங் பீ. 1985இல் பாலு நடராஜன் அந்தத் தேசியப் போட்டியில் வென்றார். இந்திய வம்சாவளியினரில் அவர்தான் முதல். 2019இல் எட்டுப் பேர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், அவர்களில் ஏழு பேர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். ஏன் அது நமக்கு இவ்வளவு ஒத்துப்போனது? சரி, தவறு என்று மணியடித்துச் சொல்லிவிடுவார்கள். உழைத்தால் அளந்து பார்க்கலாம். எங்களுக்குத் தெரிந்த உலகம் அது. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்ற கேள்விக்கு மாதிரி வினாத்தாள் கிடையாது என்றதும் எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் ‘த சோசன்’ என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும் மாணவர்களைச் சேர்த்த கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார் தேர்வில் நன்றாக எழுதினார்களோ அவர்களுக்கு இடம் கிடைத்தது. அப்படி எழுதியவர்களில் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் நிறைய. ஹார்வர்டின் தலைவர் லோவெல் 1922இல் யூதர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. பிறகு நேரடியாகச் சொல்லாமல் ‘குணநலன்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். மதிப்பெண் மட்டும் போதாது, நீ எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதாவது, ‘நீ யார்’ என்ற அந்தக் கனிவான கேள்வி பிறந்தபோது சிலரை வாசலில் நிறுத்துவதற்காகக் கேட்கப்பட்டது. குடியேறியவர்களின் பிள்ளைகளை, தேர்வில் அதிகமாக ஜெயிக்கிறார்கள் என்பதற்காக.

இதைச் சொல்வது பழைய கோபத்தைக் கிளப்புவதற்காக அல்ல. ஹார்வர்ட் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ‘தனிப்பண்பு’ மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த புள்ளி போடப்பட்டிருந்தது வெளியே வந்தது. திட்டமிட்ட பாகுபாடு இல்லை என்று கீழ் நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்தியது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால் கல்லூரி அதைப் படித்துப் பார்க்கத் தடையில்லை என்று தலைமை நீதிபதி எழுதினார். விளைவு என்ன? பெட்டியில் டிக் போடுவது போய், பாரம் முழுக்கக் கட்டுரையின் தலையில் இறங்கியது. முன்பு ஒரு குறியில் முடிந்த விஷயத்தை இப்போது பிள்ளை கதையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது டியூஷன். நம் ஆட்களுக்கு டியூஷன் இல்லாமல் எதுவும் நடக்காது. ‘உன் சொந்தக் குரலை’க் கண்டுபிடித்துத் தருவதற்கு மணிக்கணக்கில் பணம் வாங்குகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே ‘உன் பேஷன் என்ன’ என்று தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பதினைந்து வயதில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் ‘நிறுவனர் மற்றும் தலைவர்’ ஆகாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைவர்கள் நிறைய, தொண்டர்கள்தான் கிடைப்பதில்லை.

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரைப் பலர் பார்த்திருப்பீர்கள். தேவி விஷ்வகுமார் என்ற தமிழ் அமெரிக்கப் பெண். நடித்தவர் கனடாத் தமிழர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அதில் விநாயகர் பூஜை நடக்கிற இடத்தில் ஒரு கல்லூரி ஆலோசகரைத் தேவி சந்திப்பாள். அவள் மதிப்பெண்ணெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உன்னைப் போல ஆயிரம் பேர் வருகிறார்கள் என்கிற மாதிரிதான் பேசுவார். அவளுடைய அப்பா கண்ணெதிரே இறந்ததும், அதன் பிறகு சில மாதம் அவளுக்குக் கால் செயலிழந்ததும் தெரிந்தவுடன் ஆள் மாறிவிடுவார். இதுதான் கட்டுரை, இதை எழுது! அவளுக்குக் கோபம் வரும். நகைச்சுவைத் தொடர்தான். எங்கள் வீட்டில் அந்தக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. கிட்டத்தட்ட அதே பேச்சை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

ஈழத்திலிருந்து வந்த குடும்பம். மகள் என் வகுப்பு. நல்ல பிள்ளை, செல்லிசையில் ஆர்வம், வேதியியலில் கெட்டி. ஒரு ஆலோசகர் அவளுடைய முதல் வரைவைப் படித்துவிட்டு, இதில் ‘பங்கு’ ஒன்றுமில்லை, உன் அம்மா போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்தானே, அதை எழுது என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், எந்த வருஷம், எத்தனை நாள் நடந்தீர்கள், யார் யார் இறந்தார்கள் என்று, கையில் மடிக்கணினியோடு. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னார்: “அது என்ர கதை ரீச்சர். இவ்வளவு நாளும் அவள் என்னட்டக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. இப்ப புதன்கிழமைக்குள்ள வேணுமாம்.”

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு நல்ல இடத்தில் படிக்க வேண்டும். அந்த ஆசை அவளுக்குத் தந்ததே அதே அம்மாதான். நம் சமூகத்தில் ஆசைப்படுவதை ஒரு நோய் மாதிரிப் பேசுகிற சில இலக்கியவாதிகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அரசு வேலையில் பென்ஷன் வாங்குகிறவர்கள். குடியேறிய குடும்பத்துக்கு ஆசைதான் முதல் சொத்து. என் கேள்வி வேறு. அம்மாவின் கதையை மகள் கேட்க வேண்டிய முதல் சந்தர்ப்பம் ஒரு கெடு நாளோடு வந்துவிட்டதே, இனி அந்த வீட்டில் அந்தக் கதை எப்படிப் பேசப்படும்? எழுதி அனுப்பியாயிற்று, இடமும் கிடைத்துவிட்டது என்றால் அந்தக் கதை முடிந்துவிட்டதா? இடம் கிடைக்காவிட்டால் அம்மாவின் துன்பம் போதவில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்காதா?

இலக்கியக் கூட்டம் என்பதால் இங்கே சற்று நம் பக்கம் திரும்புகிறேன்.

நம்முடைய அகப்பாடல்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காதலிக்கிறவரின் பெயரைச் சொல்லக் கூடாது. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். யாரும் தன் பெயரில் பேசமாட்டார்கள். இதை நான் கல்லூரியில் ஒரு இலக்கண விதியாக மட்டும் படித்தேன். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு இருந்த பிறகுதான் அதன் கருணை புரிந்தது. முகமூடி கொடுத்தால் மனிதன் உண்மையைச் சொல்லிவிடுவான். உன் பெயரைப் போடு, பிறந்த தேதி போடு, கீழே உன் காயத்தை எழுது என்றால் அவன் எழுதுவது பெரும்பாலும் வாக்குமூலம் மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி இருக்கும். குறுந்தொகையில் சில புலவர்களின் பெயரே நமக்குத் தெரியாது. அவர்கள் பாட்டில் வருகிற உவமையை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறோம். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேர் உழவனார். அணில் விளையாடுகிற வெறும் முற்றத்தைப் பார்த்துச் சொன்ன ஒருவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன சாதனை, ஒன்றும் தெரியாது. அந்த முற்றம் தெரியும்.

தன்வரலாறும் நமக்கு இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதினார். 1940இலிருந்து ஆனந்த விகடனில் வந்தது. அவருக்கு வயது எண்பத்தைந்து, 1942இல் அவர் மறையும்போதும் அது முடியவில்லை. தலைப்பில்தான் ‘என்’ இருக்கிறது. உள்ளே போனால் பக்கம் பக்கமாக அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் எப்படிப் பாடம் சொன்னார், எப்படிச் சாப்பிட்டார், கடன்காரர்களை எப்படிச் சமாளித்தார். இன்றைக்கு ஒரு ஆலோசகரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் குறிப்பு இப்படித்தான் இருக்கும்: “நன்றாக இருக்கிறது, ஆனால் இது உன்னைப் பற்றியதாக இல்லையே! நாங்கள் உன் ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை.” நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாட்டியைப் பற்றி எழுதாதே, பாட்டிக்கு அட்மிஷன் கிடைத்துவிடும் என்பது இங்கே ஆலோசகர்களின் பழைய ஜோக்.

ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்த வழி பெரும்பாலும் இன்னொருவர் வழியாகத்தான் இருக்கிறது. தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, அப்பா ஃபோனில் ஊருக்குப் பேசும்போது மாறுகிற குரல். அந்தக் குரலைக் கவனித்த பிள்ளை யார் என்பது அதிலேயே இருக்கிறது. படிக்கிறவருக்குப் பொறுமை இருந்தால் தெரியும். அந்த அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைப் படிக்கச் சில நிமிடம்தான் இருக்கும் என்கிறார்கள். பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

போரைப் பற்றி எழுத முடியாதா என்றால், முடியும். வி.வி. கணேசானந்தன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். ‘லவ் மேரேஜ்’ என்ற முதல் நாவல் 2008இல் வந்தது. அடுத்த நாவல் ‘பிரதர்லெஸ் நைட்’ 2023இல். எண்பதுகளின் யாழ்ப்பாணம். 2024இல் அதற்குப் பெண்களுக்கான புனைவுப் பரிசும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசும் கிடைத்தன. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே பதினைந்து ஆண்டு. அடுத்தவரின் துயரத்தை எழுதுகிறவருக்கு அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. அதுவும் அவர் எழுதியது நாவல், இன்னொரு பெண்ணின் குரலில். நம் வீட்டுப் பிள்ளைக்கு நவம்பர் முதல் தேதி கெடு, 650 சொற்கள், முடிவில் ‘இதிலிருந்து நான் கற்றது’ என்று ஒரு பத்தி வேறு.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்திரம் வருவதற்கு முன்பே அந்தக் கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருந்தன. தோல்வி, பயிற்சி, விடியல். எந்திரத்துக்கு அது சுலபமாக வருகிறது என்றால் நாம் அந்த வடிவத்தை ஏற்கெனவே அப்படிப் பழக்கி வைத்திருந்தோம்.

இனி நமக்கு நெருக்கமான, சிலருக்குப் பிடிக்காத விஷயம். தமிழ்ப் பள்ளிகள். 2011இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. இரண்டு மொழியில் தேர்ச்சி காட்டும் மாணவருக்குப் பள்ளிச் சான்றிதழில் முத்திரை. ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழுக்கும் அதைப் பெறலாம். இதற்காகப் பல தன்னார்வலர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். முத்திரை வந்த பிறகு எங்கள் பெரிய வகுப்புகளில் கூட்டம் கூடியது என்பதும் உண்மை. முன்பெல்லாம் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். இந்தப் பிள்ளைகளின் வாரத்தில் எதற்கும் பயன்படாத ஒரே மணி நேரமாக அந்தத் தமிழ் வகுப்பு இருந்தது. வயலின் போட்டிக்கு, நீச்சல் பதக்கத்துக்கு, முதியோர் இல்லத்தில் செய்யும் தொண்டு மணிக்கணக்குக்கு. தமிழ் மட்டும் பாட்டியோடு பேச. அதனால் பெற்றோருக்கு அது வீண், பிள்ளைகளுக்கு எரிச்சல், எனக்குச் சுதந்திரம். இப்போது அதுவும் விண்ணப்பத்தில் ஒரு வரியாகிவிட்டது. ‘டீச்சர், இந்த வருஷம் எழுதுறதெல்லாம் சீலுக்கு உதவுமா’ என்று கேட்கிறார்கள். கேட்பது தப்பில்லை. அவர்களுக்கு உலகம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இரண்டு ஆண்டாக நான் ஒன்று செய்கிறேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு. வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம், தமிழில் எதையாவது எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. நான் படிக்கமாட்டேன், அவர்களே காட்டினால்தான் உண்டு. பெயர் எழுதத் தேவையில்லை, அட்டையில் ஏதாவது ஒரு படம் வரைந்துகொள்ளலாம். அகப்பாட்டு விதிதான். முதல் இரண்டு மாதம் ‘எனக்கு போர் அடிக்குது’ என்பதையே பக்கம் முழுக்க எழுதினான் ஒரு பையன், அதைப் பெருமையாகக் காட்டவும் செய்தான். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, ‘அடிக்குது’ எல்லாம் சரியாக இருந்தது.

ஆங்கிலத்தில் இவர்கள் வக்கீல்கள் மாதிரி எழுதுவார்கள். எல்லா வாக்கியமும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போகும். தமிழில் அந்த வசதி கிடையாது. சொல் போதவில்லை, சாமர்த்தியம் காட்ட முடியாது. அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறார்கள். ஒரு பெண் காட்டினாள்: இரவு வேலை முடிந்து அம்மா வரும்போது கராஜ் கதவுச் சத்தம் கேட்கும், அப்போதுதான் தனக்கு உண்மையான தூக்கம் வரும், அதுவரை தூங்குவது போல் படுத்திருப்பாள். ஐந்து வரி. ‘ர’வும் ‘ற’வும் மாறி மாறி இருந்தது. நான் திருத்தவில்லை. அவளுடைய அப்பாவுக்கு எப்படியோ தெரிந்து, இதை ஆங்கிலத்தில் மாற்றி எஸ்ஸேயில் போடலாமே என்று என்னிடம் யோசனை கேட்டார். நியாயமான யோசனைதான், நல்ல கட்டுரை ஆகியிருக்கும். அவளிடம் கேளுங்கள் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரோபாட்டிக்ஸ் பற்றி எழுதினாள், இடம் கிடைத்தது, போய்விட்டாள்.

அந்த ஈழத்துத் தாயின் மகளும் கடைசியில் செல்லிசை பற்றித்தான் அனுப்பினாள். அம்மாவிடம் கேட்ட குறிப்புகள் ஒரு கோப்பில் இருக்கின்றனவாம். போன கோடையில் ஊருக்கு வந்தபோது, அம்மாவோடு அமர்ந்து மறுபடி கேட்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். இந்த முறை தமிழில். பாதி அவளுக்குப் புரியவில்லை, ‘பங்கர்’, ‘செல்’ இரண்டும்தான் உடனே புரிந்த சொற்கள் என்றாள்.

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகள் சிலர் இந்த நேரலையில் இருப்பது திரையில் தெரிகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா மலரில் பிள்ளைகளின் கட்டுரை போடுகிறீர்கள், மகிழ்ச்சி. ‘நான் விரும்பும் தலைவர்’, ‘தமிழின் சிறப்பு’ இரண்டையும் ஒரு வருஷம் நிறுத்திவையுங்கள். பரிசு வேண்டாம், புகைப்படம் வேண்டாம், பெயர் போடுவதும் போடாததும் பிள்ளையின் இஷ்டம் என்று ஒரு பகுதி ஒதுக்குங்கள். பெயரில்லாமல் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். சமாளிப்போம்.

என் நேரம் முடிந்தது என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகளுக்குப் போகலாம்.